வெள்ளிக்கிழமை மாத்திரை

அக்கா,

நேற்றுச் சாயங்காலம் சின்னவள் கையில் ஒரு மாத்திரை அட்டையோடு அடுப்படிக்கு வந்து நின்றாள். நம் கொழுந்தன் பெண்டாட்டி. நீங்கள் கண்ணை மூடியதற்கு அடுத்த வருஷம்தான் இந்த வீட்டுக்கு வந்தாள், அதனால் அவளை நீங்கள் பார்த்ததில்லை. பிள்ளை பெற்று ஐம்பது நாள் ஆகிறது. "ஏனுங்க்கா, நாளைக்கு வெள்ளிக்கிழமை ஒருபொழுது. இதைக் காலைல போடாம, விளக்கு வெச்சப்புறம் போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறிவிட்டது. "இதை உனக்கு ஆரு சொல்லிக் குடுத்தா?" என்று அதட்டினேன். "ஆரும் சொல்லலீங்க, நானாத்தான்" என்று அவள் பயந்துபோனாள். பாவம், அவள் என்ன செய்தாள்? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதையே நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். அன்றைக்கு நான் அதட்டவில்லை. விளக்கம் சொன்னேன்.

நமக்கு இரண்டு மாத இடைவெளியில் பிரசவம். என் பையன் முதலில், உங்கள் பெண் அப்புறம். பொள்ளாச்சி டாக்டரம்மா இரண்டு பேருக்கும் ஒரே கருத்தடை மாத்திரையை எழுதினார். "இது பால் குடுக்கறவங்களுக்குன்னே இருக்கறது. பால் குறையாது. ஆனா தினமும் ஒரே நேரத்துக்குப் போடணும், நேரம் தப்பக்கூடாது" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது நீங்கள், "உனக்கெதுக்கு புள்ள, மாத்திரை? உம்புருசன் லாரியை விட்டு எறங்கறதே மாசத்துல நாலு நாள்" என்றீர்கள். "அந்த நாலு நாளைக்குத்தானுங்க்கா" என்றேன். முன் சீட்டுக் கிழவர் திரும்பிப் பார்க்க, மீனாட்சிபுரம் வரும்வரைக்கும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தீர்கள்.

காலை ஆறு மணிக்குப் பால் கேனை சொசைட்டிக்கு அனுப்பிவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து மாத்திரை போடுவோம். முதல் வெள்ளிக்கிழமை வந்தது. பிள்ளைகளுக்காக நேர்ந்துகொண்ட ஒருபொழுது. சாயங்காலம் விளக்கு வைக்கும்வரை தண்ணீர் தவிர எதுவும் இல்லை. "மாத்திரை போடலாமா கண்ணு?" என்று கேட்டீர்கள். பத்தாவதோடு நின்றவள் நான். இருந்தாலும் புத்தகம் பார்த்துப் பார்த்து அந்தாதியும் கவசமும் மனப்பாடம் செய்தவள், விரதம், கிருத்திகை, மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதி எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைப்பவள். அந்தக் கர்வம். "உள்ளுக்கு ஒண்ணும் போகக்கூடாதுன்னா மாத்திரையும் அதுல சேர்த்திதானுங்க்கா. ராத்திரி ஏழு மணிக்குப் போட்டுக்கலாம், அதே நாள்தானே" என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். காலை ஆறுக்கும் ராத்திரி ஏழுக்கும் நடுவில் பதின்மூன்று மணி நேரம். தேதிகளை அத்தனை சரியாக எழுதியவளுக்கு மணி கண்ணில் படவில்லை.

உங்கள் பெண்ணுக்கு ஏழு மாதம் ஆனபோது நீங்கள் மறுபடியும் முழுகாமல் இருந்தீர்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை, லாரிதான் காரணம். மசக்கையில் நீங்கள் சோறே உண்ணவில்லை, பாலும் குறைந்துபோனது. குழந்தை மாரில் வாய் வைத்துவிட்டு வீரிட்டு அழும். பசும்பாலைப் பாலாடையில் ஊற்றிக் கொடுத்தோம். "அந்த மாத்திரை பாலையும் வத்த வெச்சிருச்சு, வயித்தையும் ரொப்பிருச்சு" என்று அத்தை ஊரெல்லாம் சொன்னார். கன்று போட்ட மாட்டுக்கு மூன்று மாதமாவது போகட்டும், உடம்பு தேறட்டும் என்று சினை ஊசியைத் தள்ளிப்போடுகிற வீடு இது. உங்கள் உடம்பு தேறியதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

உங்களுக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது மாத்திரைப் பெட்டிக்குள் மடித்திருந்த தாளை எடுத்தேன். எறும்பு ஊர்வது மாதிரி இங்கிலீஷ் எழுத்து. அகராதியை வைத்துக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் பாதுகாப்பு இருக்காது என்று அதில் போட்டிருந்தது. தாளை இடுப்பில் செருகிக்கொண்டு உங்களைத் தேடி வந்தேன். மாட்டுக் கட்டுத்தரையில் வாந்தி எடுத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். "அக்கா, அந்த வெள்ளிக்கிழமை மாத்திரை..." என்று ஆரம்பித்தேன். "நீ சொன்னபடியேதான் புள்ள செஞ்சேன், ஒரு வெள்ளிகூட மாறல. நாந்தான் வேற எங்கியோ தப்புப் பண்ணிருக்கோணும்" என்றீர்கள். தாளை நான் வெளியே எடுக்கவில்லை.

எனக்கு என்மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு கோபம் உங்கள்மேலும் உண்டு. டாக்டர் நேரம் தப்பக்கூடாது என்று சொன்னது உங்கள் காதிலும்தானே விழுந்தது? "உனக்கென்ன தெரியும்?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் என்ன? இவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டீர்கள். உங்கள் மகனைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. பதினோரு வயசு, இப்போதும் என் கையால்தான் சாப்பிடுகிறான், தங்கம். அவன் வந்ததில் ஒரு குறையும் இல்லை. தப்பை நீங்கள் உங்கள் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உங்கள் வீட்டுக்காரர், மாமாவும் சும்மா இருக்கவில்லை. கல்யாணவீடு, காதுகுத்து என்று எங்கே நாலு பேர் சேர்ந்தாலும், "எம்பொண்டாட்டிக்கு ஒரு மாத்திரையை ஒழுங்கா முழுங்கத் தெரியாது" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், நீங்களும் சிரிப்பீர்கள். நான் பந்தியைக் கவனிக்கிறவள் மாதிரி உள்ளே போய்விடுவேன்.

நேற்று நான் சின்னவளை அதட்டிய சத்தம் கேட்டு அத்தை வந்தார். அட்டையைப் பார்த்ததும், "அதைத் தூக்கி வீசு. பெரியவ பட்டது பத்தாதா? உம்புள்ளைக்கும் பால் வத்தோணுமா?" என்றார். சின்னவள் அட்டையைக் குப்பைக்கூடைக்குக் கொண்டுபோனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாத்திரை மேல தப்பில்லீங்க அத்தை. நாந்தான் அக்காவுக்குத் தப்பாச் சொன்னேன்."

ஒருபொழுது, ஏழு மணி, தாளில் இருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். பால் குறைந்தது வயிற்றில் இன்னொன்று வந்ததாலும் நீங்கள் சோறில்லாமல் கிடந்ததாலும்தான், மாத்திரையால் இல்லை என்றும் சொன்னேன். அத்தை அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். "பன்னெண்டு வருசமா வாயில என்னடி வெச்சிருந்தே?" என்றார். அப்புறம், "பெரியவனுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாதுங்க."

"போய்ச் சொல்லு. அவளை எத்தன பேச்சுப் பேசிருக்கான்."

இன்று காலை ஆறு மணிக்கு, சின்னவள் மாத்திரையை விழுங்குகிறவரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். அவளுக்கு ஒருபொழுதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பால் கொடுக்கிறவள் சாப்பிடட்டும், அவளுக்கும் சேர்த்து நான் விரதம் இருக்கிறேன். அதற்கப்புறம் மாமாவிடம் போனேன். மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கிறவரை அவர் நிமிரவில்லை. "ஒரு நாளாவது எதுத்துப் பேசிருக்கலாமே அவ" என்று மட்டும் சொன்னார். கை தீவனத்துக்குள்ளேயே இருந்தது.

சாயங்காலம் விளக்கேற்றி உட்கார்ந்தேன். அம்மனிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அந்த மாத்திரையைத் தள்ளிப் போடச் சொல்லி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை, அவள் பேரைச் சொல்லி நானாகச் சொன்னது அது. கேட்க வேண்டியது உங்களிடம். கட்டுத்தரையில் அன்றைக்கே கேட்டிருந்தால் திட்டியிருப்பீர்கள், ரெண்டு நாள் பேசாமல் இருந்திருப்பீர்கள், மூன்றாம் நாள் அந்த டாக்டரிடமே இரண்டு பேரும் பஸ் ஏறியிருப்போம். அத்தைக்குச் சொல்லிவிட்டேன், மாமாவுக்கும் சொல்லிவிட்டேன். உங்களுக்குச் சொல்லாதது அப்படியே என்னிடம் இருக்கிறது.