வாத்து வரும் பக்கங்கள்

ஞாயிறு, இரவு.

மாட்டுங்கா வாசகர் வட்டத்தில் இன்று நான் தேர்ந்தெடுத்த நாவலைப் பற்றித்தான் பேச்சு. பிரான்ஸ் கிராமத்தில் ஓட்டல் நடத்தும் பெண்ணின் கதை. படித்தபோது எனக்குச் சிரித்து மாளவில்லை. மற்றவர்களுக்கும் பிடிக்க வேண்டுமே என்று உள்ளூர உதறல்.

செம்பூர் லலிதா மாமிதான் முதலில் பேசினார். "ஒரே சமையல். காதலே இல்லை, கடைசியில திடீர்னு கல்யாணம்!"

எல்லோரும் முழித்தோம். விசாரித்தால், இறைச்சி சமைக்கும் பக்கங்களையெல்லாம் மாமி படிக்காமல் தாண்டியிருக்கிறார். நாயகன் காதலைச் சொல்வதே வாத்து வறுபடும்போதுதான்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமியின் முகம் வாடிவிட்டது. வீடு திரும்பிய பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

சற்றுமுன் மாமியே போன் செய்தார். "வாத்தை விரலால மறைச்சுண்டு படிச்சுட்டேன். பையன் தங்கமான பையன்டி!"