முகூர்த்தத்துக்கு முன் ஒரு அப்டேட்

ஆகஸ்ட் 2, சனி

நாளை மாரியம்மனுக்குக் கூழ். நாலு குழாய் ஸ்பீக்கரையும் புளியமரத்தில் கட்டிவிட்டு இறங்கும்போது முட்டியில் சிராய்ப்பு. ஜமுனாமரத்தூர் மணிவேல் சவுண்ட் சர்வீஸின் முதலாளியும் நான்தான், மரம் ஏறுகிறவனும் நான்தான்.

பாட்டு போடும் லேப்டாப்தான் கொஞ்ச நாளாகச் சரியில்லை. ஒரு பாட்டைத் தொட்டால் யோசித்து யோசித்துப் பாடுகிறது. சிஸ்டம் அப்டேட் வேறு தினமும் வருகிறது. பாதி வரை போய், ‘முடியவில்லை, பழையபடி மாற்றுகிறேன்’ என்று இங்கிலீஷில் காட்டிவிட்டு, மலை ஏற முடியாத லாரி மாதிரி திரும்பிவிடுகிறது.

வைரஸோ? இருக்காது. கல்யாண வீட்டுக்காரர்கள் நீட்டும் பென்டிரைவுக்குப் பயந்து பச்சைக் கேடயம் போட்ட ஆன்டிவைரஸ் ஒன்று எப்போதோ போட்டாயிற்று. போன மாதம் சிவப்புக் கேடயம் ஒன்று இலவசம் என்று திரையில் வந்து நின்றது. அதையும் போட்டுக்கொண்டேன். நம் தொழிலில் எதுவும் இரண்டு இருக்க வேண்டும். மைக் இரண்டு, ஆம்ப்ளிஃபயர் இரண்டு. ஒன்று போனால் இன்னொன்று. இது பத்தாவது ஃபெயில் ஆனவன் புத்தி என்று யாராவது சொல்லட்டும், பார்க்கலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சொல்லிவிட்டார்கள்.

மகள் வெண்ணிலாவுக்கு இந்த மாதம் 29ஆம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை ஒடுகத்தூர் வெற்றிச்செல்வன். வேலூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவருடைய அப்பா சின்னராசுவைக் கூழ் குடிக்க அழைத்திருந்தோம். புது வேட்டி, தாம்பாளத்தில் பழம் பூ என்று சம்பந்தி ஆட்டோவிலிருந்து இறங்கினார். இறங்குகிறவரைச் சும்மா விடலாமா? மைக்கைப் பிடித்தேன்.

“ஒடுகத்தூரிலிருந்து வருகை தந்திருக்கும் எங்கள் சம்பந்தி, பெரியவர் சின்னராசு அவர்களை…”

‘வருக வருக’ வாய்க்குள் இருக்கும்போதே நாலு குழாயிலும் ஒரு பொம்பளைக் குரல்: “வார்னிங்! டேஞ்சரஸ் ஐட்டம் டிடெக்டட்!”

அது பச்சைக் கேடயம். அது பேசிவிட்டதே, நாம் சும்மா இருப்பதா என்று சிவப்பும் பேசியது. அது ஆம்பளைக் குரல். பிறகு இரண்டும் மாறி மாறி. மலையில் எதிரொலி வேறு. ஒவ்வொரு டேஞ்சரும் இரண்டு டேஞ்சராகக் கேட்டது. நான் கண்ட பட்டனையெல்லாம் அமுக்க, லேப்டாப் நீலமாகி, ‘அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்’ என்று உட்கார்ந்துவிட்டது. அத்தோடு திருவிழாவே ஊமை.

கோயில் தர்மகர்த்தா மாதையன் ஊருக்கே கேட்கிற மாதிரி, “யோவ் மணி, ஆத்தாவுக்கு எப்பய்யா இங்கிலீஷ் கத்துக் குடுத்த?” என்றார்.

சம்பந்தி நல்ல மனுஷன். கிட்டே வந்து, “யாருங்க அந்தம்மா? என்னிய நல்லாத் தெரிஞ்சவங்க போல கீதே” என்று சிரித்தார்.

வெண்ணிலா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். “நைனா, என் கல்யாணத்துக்கு உன் செட்டு வேணாம்.”

“இன்னாம்மா சொல்ற?”

“தாலி கட்ற நேரத்துல அந்தப் பொம்பள வந்து டேஞ்சர்னு கத்துனா நான் இன்னா பண்றது? தங்கவேல் சித்தப்பாகிட்ட சொல்லிடு.”

சித்தப்பாவாம்! ஒடுகத்தூர் தங்கவேல் சவுண்ட் சர்வீஸ். மலைமேல் எனக்கு வரவேண்டிய பாதி ஆர்டரைக் கீழேயிருந்து கொத்திக்கொண்டு போகிறவன். ஊரில் இருக்கிற பெண்கள் கல்யாணத்துக்கெல்லாம் என் செட்டு. என் பெண்ணுக்கு மட்டும் அவன் செட்டா?

ஆகஸ்ட் 4

மனக்கஷ்டத்தில் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டே தோசை. வீட்டுக்காரி சகுந்தலா ஆறு என்கிறாள்.

ஆகஸ்ட் 6, புதன்

கெஞ்சியதில் மகள் கொஞ்சம் இறங்கி வந்தாள். பதினைந்தாம் தேதி பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம், நம் செட்டுதான். “அன்னிக்கு ஒரு தப்புச் சத்தம் இல்லாம ஓட்டிக் காட்டு. அப்புறம் பாக்கலாம்” என்றாள். பார்மசி படித்தவள். மருந்துச் சீட்டைப் பார்ப்பது போல என்னைப் பார்க்கிறாள்.

உடனே வேலையில் இறங்கினேன். இலவசமாக வந்தவன்தானே கலகக்காரன்? சிவப்புக் கேடயத்தைப் பிடித்து இழுத்துத் திரையிலிருந்த குப்பைத்தொட்டிக்குள் போட்டேன். போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், குப்பைத்தொட்டிக்குள் கிடந்தபடியே எச்சரித்துக்கொண்டிருக்கிறான்.

மாப்பிள்ளையிடம் கேட்டால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் எப்படிக் கேட்பது? பொண்ணு கொடுக்கிறவன் கொஞ்சம் விஷயம் தெரிந்தவனாகத் தெரிய வேண்டாமா?

ஆகஸ்ட் 8, வெள்ளி

சகுந்தலாவே போன் போட்டுச் சொல்லிவிட்டாள்! நான் முறைத்ததற்கு, “உங்க மானம்தான் அன்னிக்கே நாலு குழாயில போச்சே, இன்னும் இன்னா மீதி கீது?” என்கிறாள்.

மாப்பிள்ளை கூப்பிட்டார். “மாமா, எத்தன ஆன்டிவைரஸ் இருக்கு?”

“ரெண்டுதான் மாப்ள.”

“ரெண்டா?”

அந்த ‘ரெண்டா’வைக் கேட்டதும் காது சூடாகிவிட்டது. ஆனால் நக்கல் பண்ணவில்லை. பொறுமையாகச் சொன்னார். “பச்சை ஒரு ஃபைலத் தொட்டா, எவனோ தொடறான்னு சிவப்பு போய்ப் புடிக்குது. அது புடிக்கறதப் பாத்து பச்சை அதப் புடிக்குது. நடுவுல அப்டேட் வந்து எதையாவது மாத்தப் போனா, ரெண்டும் சேந்து அதப் புடிச்சிக்குது மாமா.”

“அப்டின்னா மைக்கை ஸ்பீக்கருக்கு எதிர்ல புடிச்சா ‘கூ’ன்னு கத்துமே, அந்த மாதிரியா?”

“அதேதான் மாமா! ரெண்டும் ஒண்ணயொண்ணு கேட்டுக் கூவுது.”

கூவலா? இத்தனை வருஷமாக அதற்குத்தானே வைத்தியம் பார்க்கிறேன். ஒன்றைத் தள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான். இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் நானே…

சரி, நானே ஒன்றும் செய்திருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

குப்பைத்தொட்டியில் போட்டது வெறும் கதவாம். ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறானாம். மாப்பிள்ளை போனில் சொல்லச் சொல்ல, செட்டிங்ஸுக்குள் போய் முறைப்படி நீக்கினேன். போகும்போது, “நிச்சயமாகவா? எங்களைப் பிரிவதில் வருத்தமில்லையா?” என்று மூன்று முறை கேட்டான். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

அப்படியும் அப்டேட் பாதியிலேயே திரும்புகிறது. ஆள் போனாலும் அவன் சாமான் சட்டியெல்லாம் உள்ளே கிடக்கிறதாம். அதைத் துடைத்தெடுக்க அந்தக் கம்பெனியே தனியாக ஒரு புரோகிராம் வைத்திருக்கிறதாம். அதை முதலில் இறக்கிக்கொண்டு, கம்ப்யூட்டரை ‘சேஃப் மோடு’க்குக் கொண்டுபோய் ஓட்ட வேண்டும்.

போனேன். எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாக, மூக்குக்கண்ணாடிக் கடை போர்டு மாதிரி ஆகிவிட்டது. சும்மா இருக்காமல் ஒரு பாட்டைத் தட்டினேன். சத்தம் வரவில்லை. இன்னொன்றைத் தட்டினேன். ம்ஹூம். ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

போச்சு! போச்சே! சவுண்ட் சர்வீஸ்காரன் கம்ப்யூட்டர்ல சவுண்டே இல்லியே! உடனே மாப்பிள்ளைக்குப் போன். குளித்துக்கொண்டிருந்தாராம்.

“சேஃப் மோட்ல பாட்டு வராது மாமா. எல்லாத்தயும் நிறுத்திட்டு அத்தியாவசியத்த மட்டுந்தான் வெச்சிருக்கும்.”

பாட்டு அத்தியாவசியம் இல்லையா? எந்த ஊர் நியாயம் இது?

ஆனால் துடைத்த பிறகு சிவப்பின் சுவடே இல்லை. சத்தமும் திரும்பிவிட்டது. அப்டேட்டை நாளைக்குப் பார்க்கலாம் என்றார் மாப்பிள்ளை.

ஆகஸ்ட் 11

வெண்ணிலா கோபமாக இருக்கிறாள். “அவரு எனக்குப் போன் பண்ணி மூணு நாளாவுது. நான் பண்ணா லைன் பிஸி. யார்கிட்டடா பேசறாருன்னு பாத்தா உன்கிட்டதான் பேசினு கீறாரு.”

என் போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மொட்டைமாடியில்தான் சிக்னல். குடை பிடித்துக்கொண்டு போனிலிருந்து நெட் எடுத்து அப்டேட்டை இறக்கினேன். கீழே கொண்டுவந்து ஆரம்பித்தால், முதல் தடவையாகப் பாதியைத் தாண்டியது! நான் சகுந்தலாவைக் கூப்பிட, அவள் ஈரக் கையோடு ஓடி வர, அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகிறது. திரும்பவும் பழைய இடம்.

விடுவேனா? கல்யாண ஆர்டருக்கு வைத்திருக்கும் ஜெனரேட்டரை வாசலில் இறக்கி ஸ்டார்ட் செய்தேன். தெருவே அதிர்ந்தது. எதிர்வீட்டு அன்பரசி வெளியே வந்து, “இன்னாண்ணா ஃபங்ஷன்?” என்று கேட்டாள்.

“அப்டேட்டும்மா.”

“யாருக்கு?”

சாயந்திரம் நாலரைக்கு நூறு சதவீதம். என்னையறியாமல் கை தட்டினேன். தெருவில் நின்ற நாலு பேரும் எதற்கென்று தெரியாமலே தட்டினார்கள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் பாட்டு, பேச்சு, தேசிய கீதம். ஒரு தப்புச் சத்தம் இல்லை. கல்யாணம் முடியும் வரை அப்டேட் வராமல் மாப்பிள்ளை நிறுத்திவைக்கச் சொன்னார், வைத்தேன். பச்சைக்காரியையும் வாய் திறக்காமல் வேலையை மட்டும் பார்க்கும்படி செட்டிங்ஸில் அடக்கியாயிற்று.

வெண்ணிலா கேட் ஓரமாக நின்று கடைசிவரை கேட்டாள். போகும்போது, “உன் செட்டே இருக்கட்டும் நைனா” என்றாள்.

ஒயரைச் சுற்றுகிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஒரு வாரமாகப் பாட்டு வரிசை போட்டுக்கொண்டிருக்கிறேன். பொண்ணு வரும்போது இது, மாலை மாற்றும்போது இது, தாரை வார்க்கும்போது இது. சகுந்தலாவைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன்.

“நல்லாத்தான் கீது. தார வாக்கறப்ப இத யாரு போடுவாங்க?”

“இன்னா கேள்வி இது? நான்தான்.”

“அப்ப உங்க பொண்ணு கையப் புடிச்சி மாப்ள கையில யாரு குடுப்பாங்க?”

இதை எப்படி யோசிக்காமல் விட்டேன்? மூணு வாரமாக இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். மேடையில் அப்பன் என்று ஒருத்தன் உட்கார வேண்டும், அது நான்தான் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. கல்யாணம் என்றாலே எனக்கு மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான். முகூர்த்தத்தை எதிரிலிருந்து பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலை பஸ்ஸில் ஒடுகத்தூர் இறங்கி தங்கவேல் கடைக்குப் போனேன். கூழ் ஊற்றிய கதை எனக்கு முன்னாலேயே மலை இறங்கியிருக்கிறது.

“வாண்ணா வா. உங்கூட்ல இங்கிலீஷ் பேசற அந்தம்மா சௌக்கியமா?”

“சௌக்கியந்தாம்ப்பா. இப்ப பேசறதில்ல.” மென்று விழுங்கிச் சொல்லி முடித்தேன். முகூர்த்த நேரத்துக்கு மட்டும் அவன் என் லேப்டாப் முன்னால் உட்கார வேண்டும்.

கிண்டல் பண்ணப்போகிறான் என்று பார்த்தால், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். “செட்டு உன்னுது, கை என்னுது. அவ்ளோதானே? போன வருசம் என் பொண்ணு கல்யாணத்துல நான் உக்காந்து பாத்தேன்ணா. நடுவுல மைக் கரகரன்னுச்சி, எழுந்து ஓடிட்டேன். அவ இன்னிக்கும் சொல்லிக் காட்டறா. நீ எழுந்திரிக்காத.”

பிறகு எதை அமுக்க வேண்டும், எதை அமுக்கவே கூடாது என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். கடைசியில், “ணா, நானும் இதே தொழில்தான்” என்றான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஒடுகத்தூர் மண்டபம். வரவேற்பு முடிந்தது. மேடையில் நின்றபடி நான் லேப்டாப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேனாம். மாப்பிள்ளையும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாராம். “ரெண்டு பேரும் கேமராவப் பாருங்க சார்” என்று போட்டோகிராபர் கத்தும் அளவுக்கு ஆகிவிட்டது. வெண்ணிலா என் கையில் ஒரு கிள்ளு, அவர் கையில் ஒரு கிள்ளு.

ஆகஸ்ட் 30, சனி

முடிந்தது. வீட்டில் சத்தமே இல்லை. சகுந்தலா வெண்ணிலாவின் துணிகளை மடிப்பதும் பிரிப்பதும் திரும்ப மடிப்பதுமாக இருக்கிறாள்.

தங்கவேல் செட்டைத் தானே வேனில் ஏற்றிக்கொண்டு மலைமேல் வந்து இறக்கினான். ஒயரெல்லாம் என்னைவிட ஒழுங்காகச் சுற்றியிருந்தான். “பாட்டு எப்டிண்ணா இருந்துச்சி?” என்று கேட்டான்.

“பிரமாதம்ப்பா” என்றேன்.

பொய். அவள் கையை என் கையில் வைத்தார்கள். மேலே தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. அதற்குமேல் எதுவும் என் காதில் விழவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து எடுத்த பாட்டு.

செப்டம்பர் 2, செவ்வாய்

மாப்பிள்ளை பேசினார். அப்டேட்டை இனி ஓட விடலாமாம். பேசிவிட்டுப் போனை வெண்ணிலாவிடம் கொடுத்தார். சாப்பிட்டியா, தூங்கினியா என்று சுற்றி வளைத்துவிட்டுக் கேட்டேன்.

“ஏம்மா, தார வாக்கறப்ப தங்கவேலு இன்னா பாட்டு போட்டான்?”

சிக்னல் போய்விட்டது என்று நினைத்து மாடிப்படி ஏற ஆரம்பித்தேன்.

“தெரில நைனா” என்றாள். “பாட்டு போட்டாங்களா?”