சத்தம் கேட்கிற தாஸ்கா

என் வாயாடி ஜெசிக்கு,

அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நீ சிரிப்பாய். நாங்கள் நன்றாக இருக்கிறோம். செலினுக்கு வருகிற மாதம் மூன்று வயது முடிகிறது. பல்லெல்லாம் முளைத்துவிட்டது. முன்பல் ஒன்று கொஞ்சம் கோணல், அது உன் வீட்டுச் சொத்து.

உனக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. நான் வேலைக்குப் போகிற நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு தாஸ்காவில் சேர்த்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை சேர்த்தேன். முதல் தடவை தப்புப் பண்ணிவிட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நீ கண்ணை மூடிய நாளிலிருந்து பக்கத்து வீட்டு ராணியம்மாதான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். அவர் ஈப்போவுக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகையை மூடிப் பல வருஷமாகிறது. நம் லைன் வீடுகளில் இப்போது பிள்ளை இருக்கிற வீடு நம்முடையது மட்டும்தான். மற்ற வீடுகளில் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த வங்காளதேசத்துக்காரர்கள் இருக்கிறார்கள்.

விஷயம் தெரிந்ததும் கிள்ளானிலிருந்து உன் அக்கா போன் பண்ணினார்.

"தம்பி, ஆம்பளை நீங்க ஒண்டியா என்ன பண்ணுவீங்க? பிள்ளைய என்கிட்ட விட்டுடுங்க. மாசம் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போலாம்லா."

மாசம் ஒருக்கா! எனக்கு எங்கிருந்துதான் அப்படியொரு கோபம் வந்ததோ. "அவ அப்பன் இன்னும் சாகல மதினி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.  அவரோ, "சரி, ரெண்டு மாசம் பாக்குறேன். சரிப்படலன்னா நானே வந்து தூக்கிட்டுப் போயிடுவேன்" என்றார். உன் அக்கா சொன்னதைச் செய்கிறவர். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

தாஸ்கா தேடப் புறப்பட்டேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே, டீ பேக்டரியில் மெஷின் பிட்டர், எதையும் திருகிப் பார்க்காமல் நம்பமாட்டேன். கேட்டின் கீல், ப்ளக் இருக்கிற உயரம், சுடுதண்ணீர் பிளாஸ்க் வைக்கிற இடம், பின்கதவு சட்டென்று திறக்கிறதா, சுவரில் வெல்பேர் இலாகா லைசென்ஸ் தொங்குகிறதா, எல்லாவற்றையும் பார்த்தேன். கம்போங் ராஜாவில் ஒரு வீட்டில் மாடிப்படிக்குத் தடுப்பே இல்லை. கேட்டால், "பிள்ளைங்க படி ஏறாதுங்க" என்கிறார் அந்த அம்மா. நம் பிள்ளை பீரோவின் மேலேயே ஏறுகிறவள். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்தது டவுனில். எல்லாமே சரியாக இருந்தது. தரையில் கார்பெட், மூலைக்கு மூலை கேமரா, கக்கூஸ்கூட மணந்தது. அதைவிட, உள்ளே நுழைந்ததும் அப்படி ஓர் அமைதி. "எங்க பிள்ளைங்க சத்தமே போடாதுங்க" என்று மேடம் பெருமையாகச் சொன்னார். எட்டு மணி நேரம் இலை உருட்டுகிற ரோலர் மெஷின் பக்கத்தில் நிற்கிறவனுக்கு அந்த அமைதி சொர்க்கமாகத் தெரிந்தது. அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

உன்னிடமும் நான் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்? கியா பார்ம் சந்தைக் கடையில் நாள் முழுக்க ஸ்ட்ராபெரி கூவி விற்றுவிட்டு வீட்டுக்கு வந்தும் அதே குரலில் பேசுவாய். "வீட்டுலயாவது மெதுவாப் பேசேன்டி, காது போகுது" என்பேன். "என் சத்தம் இல்லாட்டித் தேடுவீங்க பாருங்க" என்பாய். எத்தனை தடவை சொல்லியிருப்பாய்!

மூன்று வாரம் போனது. செலின் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. சோறு ஊட்டினால் வாயைத் திறப்பாள், படு என்றால் படுப்பாள். எவ்வளவு நல்ல பழக்கம் வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன், ஜெசி. இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஒரு சாயங்காலம் என் கையிலிருந்து தட்டு நழுவி விழுந்தது. பிள்ளை திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்து, "ஷ்ஷ்" என்றாள். பிறகு பொம்மையை எடுத்து அதன் வாயையும் பொத்தினாள்.

மறுநாள் பேக்டரியில் பெல்ட் அறுந்து ரோலர் நின்றுபோனது. எல்லாரும் ஓடினோம். ரோலர் ஓடுகிறவரை யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நின்றால்தான் ஓட்டம். பதினாறு வருஷமாக அதுதான் என் பிழைப்பு. பெல்ட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே பிள்ளையின் 'ஷ்ஷ்' நினைவுக்கு வந்தது. அடப்பாவி, மெஷின் நின்றால் ஓடத் தெரிந்த எனக்குப் பிள்ளையின் சத்தம் நின்றது தெரியாமல் போனதே! வேலையை முடித்ததும் ஆபீஸ் கிராணியிடம் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

காலை பத்தரை மணி. அந்த நேரத்தில் அங்கே யாரும் என்னை எதிர்பார்க்கவில்லை. திரையெல்லாம் இழுத்துவிட்டிருந்தது. பதினான்கு பிள்ளைகள் வரிசையாக டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டிவியின் சத்தத்தையும் குறைத்து வைத்திருந்தார்கள். பார்த்துக்கொள்ள இருந்தது ஒரே ஒரு பெண். கைக்குழந்தை ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள், அவளுக்கே இருபது வயதுதான் இருக்கும்.

"அண்ணே, நான் ஒரு ஆளு. ஒண்ணு எழுந்தா எல்லாம் எழுந்துடும். அதான் 'ஷ்ஷ்'னு சொல்லி உக்கார வச்சிருக்கேன். அடிக்கலாம் மாட்டேண்ணே, சத்தியமா" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. அவளை என்ன திட்டுவது? ஆள் போடாத மேடத்தைத் திட்ட வேண்டும். கேமராவை எண்ணினேனே, ஆளை எண்ணினேனா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது இடம் பிரிஞ்சாங்கில், சாந்தி டீச்சருடையது. சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. வாசலுக்கு வரும்போதே இரைச்சல் காதைப் பிளந்தது. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மூன்று பேர் இருந்தார்கள். இந்தத் தடவை முதலில் அதைத்தான் எண்ணினேன்.

நான் கேள்வி கேட்கலாம் என்று போனால், அவர் என்னைக் கேட்கிறார். "பிள்ளை தண்ணிக்கு என்ன சொல்லும்? பயந்தா எங்க ஒளியும்? எந்தப் பாட்டுக்குத் தூங்கும்?" பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். "அவங்கம்மா இருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டுச் சுவரில் உரிந்த பெயின்டைச் சுரண்டினேன். டீச்சர் சொன்னார்:

"தெரியாட்டிப் பரவால்ல, சேந்து கண்டுபிடிப்போம். எப்ப வேணும்னாலும் வாங்க, சொல்லிட்டு வரணும்னு இல்ல. ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், இங்க சத்தம் தாங்காதுலா."

"தாங்கலன்னாலும் பரவால்ல டீச்சர்" என்றேன்.

முதல் வாரம் செலின் மூலையிலேயே உட்கார்ந்திருந்தாளாம். அடுத்த வாரம் ஒருத்தியின் முடியைப் பிடித்து இழுத்தாளாம். டீச்சர் அதை நல்ல செய்தியாகச் சொன்னார். ஆனால் வீட்டில் அப்போதும் வாய் திறக்கவில்லை. அதற்குள் இரண்டு மாதம் முடிந்துவிட்டது.

சனிக்கிழமை உன் அக்கா வந்து இறங்கினார். கையில் பிள்ளையின் துணிக்காக ஒரு காலிப் பை. இரண்டு பேரும் தாஸ்காவுக்குப் போனோம். கேட்டுக்கு வெளியிலேயே கேட்டது, வாங்க வாங்க, இனிப்பு ஸ்ட்ராபெரி என்று மலாயில் கூவுகிற குரல்.

"மாரி! மாரி! ஸ்ட்ராபெரி மானிஸ்!"

கவிழ்த்த கூடைக்குப் பின்னால் நம் செலின். முன்னால் சிவப்புக் கட்டைகள். கழுத்து நரம்பு புடைக்கக் கூவுகிறாள். நாங்கள் இரண்டு பேரும் கேட்டைப் பிடித்தபடி நின்றோம். எங்களைப் பார்த்துவிட்டாள். இடுப்பில் கை வைத்துக் கத்தினாள்:

"பாத்தா போதுமா? வாங்கி ருசி பாக்க வேணாமா?"

உன் பேச்சு, ஜெசி. கடைக்கு முன்னால் நின்று யோசிக்கிற ஆட்களை நீ மடக்குகிற அதே பேச்சு. அப்போது அவள் உன் கடை மேசைக்கு அடியில் அட்டைப் பெட்டிக்குள் படுத்துக் கிடந்த குழந்தை. இத்தனை நாள் அதை எங்கே வைத்திருந்தாள்? நான் சொல்லிக்கொடுக்கவில்லை. டீச்சரும் இல்லை என்கிறார்.

உன் அக்கா தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன், மறைப்பானேன். பிறகு அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இவள எங்க பிளாட்டுக்குக் கூட்டிட்டுப் போனா மேல் வீட்டுக்காரன் போலீஸக் கூப்பிடுவான் தம்பி" என்றார். காலிப் பையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். உள்ளே போய்ப் பேத்தியைக் கொஞ்சுகிற மாதிரிக் கொஞ்சி ஒரு கட்டையை வாங்கி வந்தார்.

இப்போது வீட்டில் ஒரே கூச்சல். காது போகிறது. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மெதுவாகப் பேசு என்று உன்னிடம் சொன்னதை உன் மகளிடம் ஒரு நாளும் சொல்லமாட்டேன்.

நீ சொன்னபடியே உன் சத்தத்தைத் தேடிய
உன் வீட்டுக்காரன்,
சூசை