பலகையின் முன்பக்கம்

அன்பு மகளுக்கு, பெரியப்பா எழுதுவது.

போனில் சொன்னால் உன் அப்பன் பக்கத்தில் நின்று ஒட்டுக் கேட்பான். அதனால்தான் ஷார்ஜா வரும் ஆளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ பார்க்கச் சொன்ன ஆஸ்திரேலியாப் படத்தை வெள்ளிக்கிழமை ரூமில் பார்த்தேன். அண்ணனும் தம்பியும் பலகை செய்து அலைமேல் நிற்கிறார்களாம், ஊரே கைதட்டுகிறதாம். இங்கே சலாலாவில் மழைக்காலக் கடல் நாலு மாடி எழும்பும். அதில் கான்கிரீட்டுக்கு முட்டுக்கொடுக்கும் சென்ட்ரிங் பலகையைப் போட்டு, மேலே நின்று டீ குடித்தவன் நான். ஓமானி போலீஸே சல்யூட் அடித்தான்.

படத்தில் தம்பி கோபித்துக்கொண்டு போகிறான், அண்ணன் தேடி அலைகிறான். தூ, இவனெல்லாம் ஒரு அண்ணனா? இங்கே சைட்டில் பலகையின் முன்பக்கம் யார் பிடிப்பது என்று என்னோடு சண்டை போட்டு உன் அப்பன் பெட்டியைத் தூக்கினபோது, நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு இடம் மட்டும் பரவாயில்லை. ஆளுக்கொரு முனை பிடித்து, பேசாமல், ஒரே நடையாகக் கடலுக்குப் போகிறார்கள். சைட்டில் நாங்களும் அப்படித்தான் தூக்குவோம். இப்போது எனக்கு வாய்த்தவன் அடிக்கொருதரம் "பாய், ஆஹிஸ்தா" என்கிறான், மெதுவாகப் போகணுமாம். நேற்று பலகை என் காலில் விழுந்தது. வீக்கமெல்லாம் இல்லை, செருப்புதான் நுழையவில்லை.

"அப்பா அங்கேயே திரும்பி வரட்டுமா பெரியப்பா?" என்று கேட்டிருந்தாய். அந்தச் சோம்பேறியை யார் கூப்பிட்டது? அவன் படுத்த கீழ்க்கட்டிலில் இருந்த என் சாமானை இன்று எடுத்தது தூசி தட்டத்தான்.

வரட்டும். முன்பக்கத்தையும் அவனே பிடித்துத் தொலைக்கட்டும். வழி தெரியாமல் எங்காவது முட்டுவான். பின்னாலிருந்து நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் பெரியப்பா