செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்
குடியிருப்புக்கு லாரித் தண்ணீர் இன்றும் வரவில்லை. திருமுல்லைவாயிலில் ரயில் ஏறி, அம்பத்தூர் ஆபீஸுக்கு வந்துதான் முகம் கழுவினேன்.

புது வேலை. தருமபுரிப் பக்கம் வறண்ட மேட்டில் ஒரு கருங்கல் குவாரி. வெளிநாட்டுக்காரர்கள் பணம் போடப்போகிறார்கள். கிரயப் பத்திரங்களைப் படித்து, தண்ணீரில் வில்லங்கம் உண்டா என்று ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டியது நான். கல் அறுக்கும் கம்பி சூடாகாமல் இருக்க நாள் முழுக்கத் தண்ணீர் ஓட வேண்டுமாம். பத்திரத்தில் தெளிவாகவே இருக்கிறது: "பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் பாத்தியம் உட்பட." பொது என்றால் ஊருக்கே சொந்தம். பஞ்சாயத்தில் அனுமதி வாங்கினால் போதும் என்று எழுதினேன். தண்ணீர் ஆபத்து: குறைவு.

மார்ச் 7
அறிக்கை போய்விட்டது. மேனேஜர் உதயகுமார் சார் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அகல்யா கையில குடுத்தா நாம கண்ணை மூடிக்கலாம்."

ஏப்ரல் 8, செவ்வாய்


ஆபீஸைப் பெருக்கித் துடைக்கும் கன்னியம்மா திருமழிசைக்காரர். முன்பு வயல் கூலி. காபி நேரத்தில் பேச்சுவாக்கில் அந்தக் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"பொதுக் கெணறுன்னா எல்லாருக்குமா? இன்னா மேடம் நீ! அது பங்காளிங்களுது. எங்க ஊர்லயும் ஒண்ணு இருந்துச்சு. நாங்கல்லாம் கிட்டக்கூட போவ முடியாது."

ஓடிப்போய்ப் பத்திரத்தைத் திறந்தேன். கடைசிப் பக்கம், சொத்து விவரம். நில எல்லையை மட்டும் பார்த்துவிட்டு நான் மூடிய பக்கம். கிணற்றில் ஏழு பங்கு. பங்குக்கு ஒரு கிழமை. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு பெயர். வியாழன், சின்னப்பையன். செவ்வாய்க்காரர் மட்டும்தான் விற்றிருக்கிறார்.

வாரத்தில் ஒரே ஒரு நாள் — அதை நான் ஏழு நாளாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 9
சாரிடம் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார். "பணம் போட்டாச்சும்மா. இப்ப போய் நாமளே தப்பு பண்ணிட்டோம்னு சொன்னா உனக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது. யாராச்சும் கேட்டா பாத்துக்கலாம்."

பணம் போட்டவர்களுக்கு மெயில் எழுதிவிட்டேன். டிராப்டில் கிடக்கிறது.

ஏப்ரல் 21
அனுப்பவில்லை. என் கணவர் நிர்மலுக்கு வேலை போய் நாலு மாதம். வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். இது காரணமா, சாக்கா?

மே 12
குவாரி தொடங்கிவிட்டது. போட்டோ வந்தது: கிணற்றடியில் பெரிய மோட்டார், அதற்கு மாலை. ஏழு நாளும் ஓடுகிறதாம். "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்றார் சார். எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் இருந்தது.

ஜூன் 6
பேப்பரில், உள்பக்கத்தில் நாலு வரி. வற்றிய கிணற்றை ஆழப்படுத்த இறங்கிய விவசாயி மண் சரிந்து பலி. ஊர் அதே ஊர். பெயர் சின்னப்பையன், வயது 52.

நேற்று வியாழன். தன் முறை நாளில் இறங்கியிருக்கிறார்.

ஒரு பட்டனை அழுத்த உனக்கு என்னடி கேடு? ரெண்டு மாசம் இருந்துச்சே. ரெண்டு மாசம்.

ஜூன் 10, செவ்வாய்
மற்ற பங்குதாரர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டார்கள். குவாரி நின்றுவிட்டது. பணம் போட்டவர்கள் கேட்கிறார்கள்: தவறு உங்களுக்கு எப்போது தெரிய வந்தது?

சார் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "நமக்கு இப்பதான் தெரியும். சரிதானே அகல்யா?"

சரி என்றேன். இடத்துக்கு வந்து டிராப்டை அழித்தேன். ஏப்ரல் 9 இனி இந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

கன்னியம்மா காபியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"மேடம், அன்னிக்கு சொன்னியே, அந்தக் கெணறு... இன்னா ஆச்சு? தண்ணி கீதா?"

"தெரியலம்மா" என்றேன்.