வெள்ளிக்கிழமை வரைக்கும்

14.3.1967

தம்பி இந்த டைரியைக் கொடுத்தான். மருந்துக் கம்பெனிக்காரர் அவனுக்குக் கொடுத்ததாம். "எழுதுறதுக்கு எனக்கு என்னக்கா இருக்கு? நீ அஞ்சாப்பு வரைக்கும் படிச்சவ. மல்லி பிடுங்குனது, மாடு கன்னு போட்டது, ஏதாவது எழுது" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

ரெண்டரை மாசத்துத் தாள் வெறுமனே போய்விட்டது. பரவாயில்லை.

15.3.1967

காட்டில் கொத்தமல்லி பிடுங்கினோம். நல்ல வெயில். மாயி இருந்தால் பச்சை மல்லிக்காயைக் கடித்துக் கடித்துத் துப்பிக்கொண்டிருப்பாள்.

வேறு ஒன்றும் இல்லை.

19.3.1967

திருச்சுழிக்குப் போனேன். தம்பிக்குக் கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுபோனேன்.

அவன் ஆஸ்பத்திரி பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. வெளியே போர்டு: டாக்டர் நல்லமுத்து, எம்.பி.பி.எஸ். உள்ளே நோயாளி உட்காரப் போட்ட பெஞ்சில் ஒரு கோழி படுத்திருந்தது. தம்பி விரட்டவில்லை. "அது ஒண்ணுதாங்க்கா தைரியமா வருது" என்றான்.

பஸ்ஸு அவன் வாசலில்தான் நிற்கிறது. காய்ச்சல்காரர்கள் ஜன்னல் வழியாக அந்தப் போர்டைப் பார்த்துக்கொண்டே அருப்புக்கோட்டைக்குப் போகிறார்கள்.

எல்லாம் கைராசிதான். போன ஆவணியில் ஆஸ்பத்திரி திறந்த அன்றைக்கு அவன் கை வைத்த முதல் உயிர் என் மகள் மாயி, மாயக்காள். நாலு வயசு. வயிற்றால் போகிறது என்று கொண்டுபோனேன். அன்றைக்கே போய்விட்டாள். அக்கா மகளையே காப்பாத்தத் தெரியாதவன், அவன் கைக்கு ராசி இல்லை — எங்க ஊரிலும் பக்கத்துப் பரளச்சியிலும் சுத்துப்பட்டு ஊரிலும் இதுதான் பேச்சு.

காது குத்துறப்போ தாய்மாமன் மடியில் உட்காரவேண்டிய பிள்ளை. அவன் மடியில்தான் உயிர் போச்சு.

வீட்டுக்கு வந்ததும் அவுக கேட்டாக, "என்ன, டாக்டரு சொகமா?" முந்தியெல்லாம் தம்பியை மாப்ள மாப்ள என்று வாய் நிறையக் கூப்பிடுவாக. இப்போ டாக்டரு.

2.4.1967

தம்பி ஒரு கதை சொன்னான். போன வாரம் ஒருத்தி பேதியாகிற பிள்ளையோடு வந்தாளாம். "ஊசி வேண்டாம், கொதிக்க வச்ச தண்ணியும் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியும் விடாமக் குடு" என்று சொல்லியிருக்கிறான். அவள் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்ற சனத்திடம், "தண்ணி குடிக்கச் சொல்லவா இவனை மதுரையில அத்தன வருசம் வச்சுப் படிக்க வச்சாக? எங்க வீட்டு எருமைக்கு நானே சொல்லுவேனே" என்றாளாம். எல்லாரும் சிரிப்பாம்.

தம்பியும் சிரித்தான். நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

23.4.1967

தம்பி போகப்போகிறான். மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டாக்டர் வேலையாம். ஆடி கழிந்ததும் வரச்சொல்லிக் கடுதாசி.

"அங்க என் முதல் கை யாருக்கும் தெரியாதுக்கா."

"இந்தக் காட்டுலதான் இருப்பேன்னு சொல்லித்தானடா படிக்கப் போன?"

"இருக்கேன்னுதான் சொன்னேன். கோழிக்கு வைத்தியம் பாக்கேன்னு சொல்லலயே."

பிள்ளைத்தாய்ச்சியை மாட்டுவண்டியில் போட்டு அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோகும்போது பாதி வழியில் முடிந்துபோவதை அவன் சின்ன வயசில் பார்த்தவன். எங்க அம்மாதான் அது. அதுக்காகத்தான் அவன் டாக்டருக்குப் படித்தான்.

நான் ஒரு வார்த்தை சொன்னால் அவன் போகவேண்டியதில்லை. தெரியும். வாய் வரமாட்டேங்குது.

30.4.1967

எழுதிவிட்டுக் கிழித்துவிடலாம் என்று எழுதுகிறேன்.

புது ஆஸ்பத்திரிக்கு முதல் கை நல்ல கையாக இருக்கணும் என்று எங்க ஆட்கள் பேசி வைத்தார்கள். சாகக்கிடக்கிறவன் முதலில் போகக்கூடாது. லேசில் ஆறிவிடுகிற புண்ணோடு ஒருத்தன் போகணும். அவன் குணமானால் டாக்டருக்குக் கைராசி நிற்கும். பங்காளி காளிராஜுக்குக் கால்விரலில் கல் இடித்த புண். அவனைத்தான் முடிவு பண்ணினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் திறப்பு. "ஏலே, வெள்ளிக்கிழமை வரைக்கும் ஆறிராமப் பாத்துக்கோலே" என்று ஊரே அவனைக் கேலி பண்ணியது. அவனும் வேட்டியைத் தூக்கி எல்லாருக்கும் விரலைக் காட்டிக்கொண்டு திரிந்தான்.

புதன்கிழமை காலையில் மாயிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அவுக முதுகுளத்தூர்ப் பக்கம் மாடு பார்க்கப் போயிருந்தாக. தம்பி திருச்சுழியில்தான் இருந்தான். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம். ஏன் ஏறலை?

கழியிற பிள்ளைய முதல் கையாக் குடுத்தா தம்பிக்கு ஆகாதுன்னு. காளிராஜ் போய்ட்டு வரட்டும், அவன் பின்னாடி போவோம்னு. ரெண்டே நாளுதானன்னு.

தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு குடத்து மேல தட்டைப் போட்டு, அது மேல குழவிக்கல்லையும் தூக்கி வச்சேன். அவளுக்கு எட்டக்கூடாதுன்னு. அம்மா தண்ணி. அம்மா தண்ணி. வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் கேட்டா. அப்புறம் கேக்கல. கேக்கலயே, தேவலன்னு நினைச்சேன். நான் பெத்தவளா?

வெள்ளிக்கிழமை விடியவும் பார்த்தேன், கண்ணு உள்ளே போயிருந்தது. தூக்கிக்கொண்டு காளிராஜுக்கு முந்தி ஓடினேன். பாட்டில் ஏற்றப் பார்த்தான் தம்பி. நரம்பு கிடைக்கவில்லை. "எப்பருந்துக்கா?" என்று கேட்டான். நேத்து ராத்திரியிலருந்துதான் என்றேன். அவுககிட்டயும் அதே பொய்தான். ஊர்கிட்டயும் அதேதான்.

கிழிக்கலை. அரிசிப்பானைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

7.5.1967

காளிராஜ் வந்திருந்தான். "நான் மட்டும் முந்திப் போயிருந்தேன்னா இந்நேரம் டாக்டரு வாசல்ல நிக்க எடம் இருக்காது மதினி" என்றான். என்னை ஆற்றுகிறானாம். விரல் எப்பவோ ஆறிவிட்டது.

29.5.1967

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் மகன் சின்னத்துரைக்கு நேற்றிலிருந்து பேதி. மூணு வயசு. காலையில் எட்டிப் பார்த்தேன். பிள்ளை தரையில் கிடந்து உதட்டை நக்கிக்கொண்டிருந்தான். தண்ணிச் சொம்பை உறியில் தூக்கி வைத்திருந்தாள்.

"தண்ணி குடுத்தியாடி?"

"குடுத்தா எப்படி நிக்கும்? ஒங்களுக்குத் தெரியாததாக்கா."

எனக்குத் தெரியாததா.

சொல்லிவிட்டேன். புதன், வியாழன், குழவிக்கல்லு, பொய், எல்லாத்தையும். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லலை. அந்தச் சொம்பைப் பார்த்துச் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் வாசலில் மண்வெட்டியோடு அவுக நிக்காக.

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்கேயோ போனாக.

உறிச் சொம்பை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினோம். வழியெல்லாம் துணியை நனைத்துப் பிள்ளை வாயில் பிழிந்துகொண்டே வந்தேன். அருப்புக்கோட்டைக்கே போயிருவோம்க்கா என்று பொன்னுத்தாய் அழுதாள். திருச்சுழியில் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு நான் இறங்கினேன். அவளும் இறங்கித்தானே ஆகணும்.

30.5.1967

நரம்பு கிடைத்தது. இன்று காலையில் தம்பி உள்ளேயிருந்து ஓடிவந்து, பரீட்சை பாஸான மாதிரி, "மூத்திரம் போயிட்டாங்க்கா" என்றான். உடம்பில் தண்ணி சேர்ந்துவிட்டது என்று அர்த்தமாம். பொன்னுத்தாய்க்கு அது புரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா அழுதாள்.

அப்புறம் தம்பியிடம் சொன்னேன்.

"தெரியும்க்கா" என்றான்.

தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றதாம். ஒரு ராத்திரியில் பிள்ளை அப்படி வற்றாதாம்.

"தெரிஞ்சும் ஏன்டா வாயைத் தெறக்கல? உன் பொழப்பே போச்சே."

"என் பொழப்புக்காகத்தான நீ வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்துக் கிடந்த. அதைச் சொல்லி நான் எப்படிக்கா பொழைக்க?"

ஊசியை வெந்நீரில் போட்டுக்கொண்டே சொன்னான். என் பக்கம் திரும்பவே இல்லை.

11.6.1967

ஊருணியில் பெத்தம்மாள் சொன்னாள், "தண்ணி மோக்க வந்துட்டா பாரு, மகளுக்கு மூடி வச்சவ." நான் குடத்தை மோந்துகொண்டு வந்தேன். உள்ளதைத்தானே சொன்னாள்.

அவுக என் கையால் சாப்பிடுவதில்லை. தானே போட்டுக்கொள்கிறாக. நான் அடுப்பு மறைவில் நின்றுகொள்கிறேன்.

20.8.1967

ஆடி கழிந்தது. தம்பி மலைக்குப் போகலை. பெஞ்சில் கோழிக்கு இடமில்லை.

பொன்னுத்தாய் போகிற இடமெல்லாம், டாக்டருக்குக் கைராசி வந்திருச்சு, என் மகன்தான் முதல் கை என்கிறாள். தம்பிக்குக் கோபம். "ராசியா? வெறும் உப்புத்தண்ணிக்கா அது. இவுக ராசியைப் பேசிப்பேசித்தான் நம்ம பிள்ளை..."

"எதையோ நம்பி வாராக, வரட்டும். வந்தப்புறம் தண்ணியைச் சொல்லு" என்றேன்.

1.9.1967

வெள்ளிக்கிழமை. ஒரு வருசம் ஆச்சு.

9.2.1969

டைரியில் மிச்சத் தாள் கிடக்கிறது.

இன்று ஞாயிறு. திருச்சுழிக்குப் போனால் தம்பி சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்து தூங்குகிறான். மூணு நாளில் மூணு பிரசவமாம். வாசலில் இருபது பேர். ஆள் அரையாகிவிட்டான்.

எழுப்பினேன். "நீ படுத்துட்டா இவுக மறுபடியும் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டு அருப்புக்கோட்டைக்குத்தான் போகணும். ஒரு நாளைக்கு ஓடிட்டு விழவாடா படிச்ச?"

"வந்தவங்களைப் போகச் சொல்லச் சொல்றியா?"

"பிரசவம்னா தெற. பேதின்னா தெற. தலவலிக்காரன் திங்கக்கிழமை வரைக்கும் இருப்பான்."

சொல்லிவிட்டேன். எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று இந்த உலகத்தில் நான்தான் சொல்லணுமா? அவனும் என் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சாவியை என் கையில் வைத்தான். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கதவடைப்பு. உள்ளே தூங்குவான். நான் வாசலில் இருப்பேன்.

16.6.1970

செவ்வாய்க்கிழமை தோறும் தம்பி சைக்கிளில் பரளச்சிக்கு வந்து பார்க்கிறான். பேதிப் பிள்ளைகளை என்னிடம் விடுகிறான். டம்ளரும் கரண்டியும் என் வேலை. சில தாய்மார் என் கதை தெரிந்து பிள்ளையைத் தரத் தயங்குகிறார்கள். தரும் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன்.

1.10.1974

ரெண்டு வருசமாக மழை இல்லை. ஊருணியில் வெடிப்புத்தான் கிடக்கிறது.

செவ்வாய்க்கிழமை. பரளச்சிக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தால் அவுக வண்டி பூட்டி நிக்காக. வண்டியில் ரெண்டு குடம். தூரத்துக் கேணியில் சேந்தி, துணி வைத்து வடிகட்டி. எதுக்கு என்று நான் கேட்கலை. ஏறி உட்கார்ந்தேன். வழி பூராவும் தண்ணி தளும்புகிற சத்தம்.

பரளச்சியில் இறங்கினதும் தம்பியைப் பார்த்து, "மாப்ள, குடத்தை எங்க வைக்க?" என்றாக. எட்டு வருசம் கழித்து.

தம்பி சொன்னான், "பிள்ளைகளுக்கு எட்டுற எடத்துல வைங்க மச்சான்."

தரையிலேயே வைத்தாக. தட்டு போடலை.

மத்தியானம் ஒரு பெண்பிள்ளை வந்தது. மாயி வயசுதான். தாய் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தண்ணி என்றது. தாய் என் முகத்தைப் பார்த்தாள்.

குடுத்தேன். இன்னொரு தரமும் கேட்டுச்சு. குடுத்தேன்.