எறும்பு இல்லாத பக்கம்

மார்ச் 3, திங்கள்

இனி என் வாயை நம்ப முடியாது. அதனால் கையிடம் வேலையைக் கொடுத்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். மாமா அம்மாவின் கதைக்குப் படம் வரைந்து தர வேண்டும். கேட்டால் "நாளைக்கு, அக்கா" என்பார். மாமாவின் நாளை எந்தக் காலண்டரிலும் கிடையாது. குடும்பத்துக்கு நம்மாலான உதவி என்று போனை எடுத்து அம்மா குரலில் ஆரம்பித்தேன். "டேய் தம்பி, சாயங்காலத்துக்குள்ள படம் வரலைன்னா எனக்குத் தம்பியே இல்லைன்னு நெனச்சுக்குவேன்." போன வருடம் இதே குரலில் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி, "உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்கம்மா" என்று பதில் வாங்கியவன் நான். 'தம்பியே இல்லை' வரை நன்றாகத்தான் போனது. 'நெனச்சுக்குவேன்' வந்தபோது குரல் மாடிப்படியில் உருளும் குடம் ஆகிவிட்டது.

மறுமுனையில் மாமா: "அக்கா... உனக்கு மீசை முளைச்சிருச்சா?"

சாப்பாட்டு நேரத்துக்குள் வீடெல்லாம் தெரிந்துவிட்டது. அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். அப்பா மட்டும் "ம்" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் "ம்"தான். சந்தோஷத்துக்கு ஒரு ம், கோபத்துக்கு ஒரு ம், கரண்ட் பில்லுக்குக் கொஞ்சம் நீளமான ம்.

வகுப்பில் கணக்கு வாத்தியார் நான்தான், தலைமையாசிரியை நான்தான், இடைவேளை மணிகூட நான்தான். இப்போது யாராகவும் இருக்க முடியவில்லை. நானாக இருக்கலாமே என்றால், அந்த ஆளின் குரல் எது என்று இன்னும் முடிவாகவில்லை.

மார்ச் 5, புதன்

அம்மாவின் தொழிலைப் பற்றி எழுதிவைக்கிறேன். பிற்காலத்தில் அவள் புகழ் பெற்றால் இதை விற்கலாம்.

காலையில் பல் டாக்டரிடம் வரவேற்பு மேசை. மாலையில் குழந்தைகளுக்குப் படப்புத்தகம். அன்பாக இரு, உன்னை உனக்குப் பிடிக்கட்டும், இந்த வகை. எழுதும்போது யாராவது கதவைத் தட்டினால் "அன்பைப் பத்தி எழுதிட்டிருக்கேன், கொன்னுடுவேன்!" என்று உள்ளிருந்து சத்தம் வரும்.

இப்போதைய கதையில் ஒரு நீர்யானைக் குட்டி. வாய் பெரிது என்று எல்லாரும் கேலி செய்கிறார்கள், அதனால் வாயைத் திறப்பதே இல்லை. பல் டாக்டரிடம் வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறவர்களைப் பார்த்து வந்த கதையாம். இருக்கலாம். ஆனால் கொஞ்ச நாளாகச் சாப்பாட்டு மேசையில் நான் வாயைத் திறக்காமல் இருப்பதை அம்மா பார்க்கிற பார்வை சரியில்லை.

அச்சுக்குப் போகும் முன் தாளை மடித்து, நடுவில் பின் அடித்து, பென்சில் படங்களோடு ஒரு மாதிரி செய்வார்கள். பெயர் டம்மி. "இந்த வீட்ல ரெண்டு டம்மி இருக்கு, ஒண்ணு மேசை மேல" என்று மாமா என்னைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். போகட்டும். அவருடைய கறுப்பு மைப்புட்டியில் ஏற்கனவே காப்பி இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

அவர் அதைக் குடித்துவிட்டார். நன்றாக இருந்ததாம்.

மார்ச் 8, சனி

நூலகத்தில் குழந்தைகள் அறை. அம்மா படிக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து டம்மியைப் பிடித்துக்கொண்டு பக்கம் திருப்புவேன். பேசத் தேவையில்லாத வேலை, எனக்கு ஏற்றது.

அம்மாவிடம் ஒரு முறை உண்டு. எந்தப் பக்கத்தில் பிள்ளைகள் நெளிகிறார்களோ, அந்தப் பக்க ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புழு வரைவாள். ஒரு பிள்ளை நெளிந்தால் ஒரு புழு. இன்றைக்கு முதல் பக்கங்கள் சுத்தம். கிழ ஆமை வந்து குட்டிக்குப் புத்தி சொல்லும் இடத்தில் புழு குட்டி போட்டுவிட்டது. கடைசிப் பக்கம்: "பெரிய வாய் என்றால் பெரிய சிரிப்பு. நீ நீயாகவே இரு." ஒருவன் அண்ணாந்து படுத்துக் காற்றில் சைக்கிள் ஓட்டினான். அந்தப் பக்கம் மண்புழு உரக்குழி.

ஆனால் ஒன்று. மாமா சும்மா இருக்க முடியாமல் எல்லாப் பக்கத்திலும் ஒரு மூலையில் எறும்பு வரைந்துவைத்திருக்கிறார். முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண் அதைக் கண்டுபிடித்தாள். அதற்கப்புறம் பக்கம் திருப்பினாலே "எறும்பு எங்க? எறும்பு எங்க?" எல்லாரும் முட்டிபோட்டு முன்னால் வந்துவிட்டார்கள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் மாமாவின் புலம்பல்: "எவ்வளவு பெரிய நீர்யானை! மூணு நாள் வரைஞ்சேன், அக்கா! ஒருத்தனும் பாக்கல. போனாப் போகுதுன்னு ஒரு எறும்பு, அதுக்கு இந்த மரியாதையா!"

மார்ச் 10, திங்கள்

அக்கா தம்பி யுத்தம். ஆமையைத் தூக்கிவிட்டார்கள். அதற்குப் பதில் மழை வருகிறது. எல்லா மிருகமும் ஒதுங்க இடமில்லாமல் தவிக்கும்போது குட்டி வாயை ஆவென்று திறக்கிறது, எல்லாம் அதற்குள் ஓடி ஒதுங்குகின்றன. நல்ல இடம். படிக்கும்போதே எனக்கு நனையாத மாதிரி இருந்தது.

சண்டை கடைசிப் பக்கத்துக்கு.

"அதை எடுத்துடு, அக்கா. வாய்க்குள்ள எல்லாரையும் உக்கார வச்சாச்சு. அப்புறம் என்ன பிரசங்கம்?"

"அது இல்லாம புத்தகம் எதுக்கு? அந்த ஒரு வரியைச் சொல்றதுக்குத்தான் நான் மத்த எல்லாத்தையும் எழுதினேன்."

"அதை அவங்களாவே புரிஞ்சுக்குவாங்க."

"புரிஞ்சுக்கலன்னா? அப்படி ஒரு பிள்ளை வாயை மூடிக்கிட்டே வளந்துட்டா?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். அப்பா "ம்" என்றார், யார் பக்கம் என்று தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

பதிப்பகத்திலிருந்து ஆனா மேடம் பேசினார். நான் வைத்த பெயர். "ரொம்ப நல்லாருக்கு, ஆனா" என்பதற்கு அப்பால் ஒரு வாக்கியமும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. இந்தக் கதையை ஏற்கனவே இரண்டு தடவை ஆனா போட்டுத் திருப்பி அனுப்பியவர். சனிக்கிழமை நூலகத்துக்கு நேரில் வருகிறாராம். பிள்ளைகள் கடைசி வரை உட்கார்ந்தால் புத்தகம். இல்லையென்றால் வேறு பேச்சில்லை.

போனை வைத்துவிட்டு அம்மா சொன்னாள்: "இந்தத் தடவையும் இல்லைன்னா விட்டுடப் போறேன். டாக்டர் முழு நாளும் வரச் சொல்லிட்டே இருக்காரு."

சாதாரணமாகத்தான் சொன்னாள். பாத்திரம் கழுவிக்கொண்டே. எனக்கு ஒரு நகைச்சுவையும் வரவில்லை. எனக்கே!

மார்ச் 14, வெள்ளி

அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. காலையில் வாயைத் திறந்தாள், காற்று மட்டும் வந்தது. ஒரு வாரம் பேசக் கூடாதாம். என் பழைய சிலேட்டைத் தேடி எடுத்து அதில் எழுதிக் காட்டுகிறாள். திட்டுவதற்கு வேகம் போதவில்லை, 'உருப்ப' வரை எழுதி முடிப்பதற்குள் நான் அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன்.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தது, நாளைக்கு யார் படிப்பது என்று யோசிக்கிற வரைக்கும்.

மாமா படித்துப் பார்த்தார். மழை வந்தது என்பதைப் புயல் எச்சரிக்கை மாதிரி வாசித்தார். அப்பாவை யாரும் கேட்கவே இல்லை.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"முடியாது" என்றேன். 'மு' பாதாளத்தில், 'டியாது' மொட்டைமாடியில். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அம்மா சிலேட்டில் ஏதோ எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். 'உனக்குப் பிடிக்கலைன்னா வேண்டாம் கண்ணா.'

கட்டளை போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். இப்படி எழுதினால் என்ன செய்வது?

மாமா மழைப் பக்கத்தை இன்னும் வரைந்துகொண்டிருக்கிறார். "நாளைக்குக் காலைல கண்டிப்பா" என்கிறார்.

மார்ச் 15, சனி

எழுதியே ஆக வேண்டும். எல்லாவற்றையும், வரிசையாக.

மாமா நூலக வாசலில்தான் மழைப் பக்கத்தைக் கொடுத்தார். அங்கேயே நின்று பின் அடித்தோம். ஆனா மேடம் பின்னால் குட்டி நாற்காலி ஒன்றில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார். அம்மா என் பக்கத்தில், கையில் பென்சில், மடியில் சிலேட்டு. புழுவுக்குத் தயார்.

ஆரம்பித்தேன். இரண்டாவது வரியிலேயே குரல் கவிழ்ந்தது. ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, நீ ஏன் ரெண்டு பேரா பேசுற?"

காது சுட்டது. மேலே படித்தேன். மிருகங்கள் குட்டியைக் கேலி செய்தன. எறும்பைக் கண்டுபிடித்தார்கள். குட்டி வாயை மூடிக்கொண்டது. எறும்பைக் கண்டுபிடித்தார்கள். மழை வந்தது. குட்டி வாயைத் திறந்தது. முயல் ஓடியது, முள்ளம்பன்றி ஓடியது, குருவிகள், அணில், எல்லாம் உள்ளே. மாமா அருமையாக வரைந்திருந்தார். பிள்ளைகள் முட்டிபோட்டுத் தேடினார்கள்.

தேடினார்கள்.

எறும்பு இல்லை.

மாமாவைப் பார்த்தேன். அவர் வாய் நீர்யானை வாய் மாதிரி திறந்திருந்தது. மறந்துவிட்டார்! எல்லா மிருகத்தையும் ஏற்றிய அவசரத்தில் எறும்பை விட்டுவிட்டார்!

"எறும்பு எங்க?" என்றாள் முன்பல் இல்லாதவள்.

"அடுத்த பக்கத்துல இருக்கும்" என்றேன்.

"வெளிய மழை பெய்யுது!" அவள் கையை அந்தப் பக்கத்தின் மேல் வைத்து அழுத்திவிட்டாள், திருப்ப முடியாதபடி. "எல்லாரும் உள்ள போய்ட்டாங்க. அது மட்டும் நனையுது." சைக்கிள் ஓட்டியவனின் உதடு பிதுங்க ஆரம்பித்தது. ஆனா மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாவிடம் குரல் இல்லை. சிலேட்டை வைத்து ஐந்து வயதுக்காரர்களிடம் என்ன சொல்ல?

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "எறும்பு பக்கத்துலதான் இருக்கு. ஆனா கூப்பிட மாட்டேங்குது. அதோட குரல் உடைஞ்சுபோச்சு. கூப்பிட்டா எல்லாரும் சிரிப்பாங்கன்னு... வாயை மூடிக்கிட்டு நிக்குது."

இதைச் சொல்லும்போதே என் குரல் மூன்று இடத்தில் உடைந்தது.

முன்பல் இல்லாதவள் படத்துக்கு மிக அருகே குனிந்தாள். மூக்கு தாளில் பட்டது. "நாங்க காதைப் பொத்திக்கிறோம்," என்றாள் ரகசியமாக, என்னிடம் அல்ல, அதனிடம். "நீ கூப்பிடு. கேக்க மாட்டோம்."

பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவனும். சைக்கிள்காரனும். வரிசையாக எல்லாரும், கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு. தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், ஆனா மேடமும் இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருக்கிறார். அம்மாவும்.

அவ்வளவு பேர் எனக்காக, இல்லை, எறும்புக்காகக் கேட்காமல் இருக்கும்போது நான் என்ன செய்ய? வாயைத் திறந்தேன். "நான் இங்கதான் இருக்கேன்!"

என் வாழ்நாளிலேயே மோசமான குரல் அதுதான். பாதாளம், மாடி, கூரை, திரும்பப் பாதாளம். பக்கத்து அறையில் யாரோ புத்தகத்தைக் கீழே போட்டார்கள்.

பிள்ளைகளின் விரல்களுக்கு நடுவில் இடைவெளி இருந்தது. எல்லாருக்கும் கேட்டிருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தச் சின்னப் பெண் கையை எடுத்து, நீர்யானை வாயின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "வந்துருச்சு" என்றாள்.

அடுத்தது கடைசிப் பக்கம். நீ நீயாகவே இரு. நான் திருப்பவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது. புத்தகத்தை மூடினேன். "மறுபடி! எறும்பு மறுபடி!" என்று மேலே ஏறி விழுந்தார்கள்.

ஆனா மேடம் கஷ்டப்பட்டு எழுந்து வந்தார். "ரொம்ப நல்லாருந்துச்சு." நாங்கள் காத்திருந்தோம். "ஆனா, கடைசிப் பக்கம் ஒண்ணு இருந்துச்சே?"

அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன் என்றவள் அம்மா. நான் அதைப் படிக்காமல் விட்டேன். அம்மாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவள் சிலேட்டில் எழுதி உயர்த்திப் பிடித்தாள்.

'அது வேண்டாம்.'

"இதைத்தானே நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!" என்றார் மாமா.

சிலேட்டு: 'எறும்பைத் தொலைத்தவன் பேசாதே.'

வரும் வழியில் மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். அம்மாவிடமிருந்து சளி ஒட்டிக்கொண்டதாம்.

மார்ச் 16, ஞாயிறு

டம்மியைப் புரட்டிப் பார்த்தேன். மழைப் பக்க ஓரத்தில் ஒரு புழுகூட இல்லை.

அம்மாவிடம் கேட்டேன்: "அந்த நீர்யானை நான்தானே?"

சிலேட்டு: 'நீர்யானை தினமும் குளிக்கும்.'

பிறகு சிலேட்டை வைத்துவிட்டு என் காதைப் பிடித்துத் திருகினாள். வலிக்கவில்லை. வலித்த மாதிரி கத்தினேன், உடைந்த குரலிலேயே.

மார்ச் 21, வெள்ளி

புத்தகம் வருகிறது! ஆனா மேடம் போட்ட ஒரே ஆனா: மழைப் பக்கத்தில் எறும்பை வரையவே கூடாது. பிள்ளைகள் தேடட்டும், கூப்பிடட்டும். தான் மறந்ததற்கு மாமாவுக்குச் சன்மானம்! அது ஆழ்ந்த கலை முடிவு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அம்மாவுக்குக் குரல் வந்துவிட்டது. முதல் வாக்கியம்: "போய்க் குளி."

ஏப்ரல் 29, செவ்வாய்

வகுப்பில் கணக்கு வாத்தியாராகப் பேசிப் பார்த்தேன். சுத்தமாக வரவில்லை. அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 2, சனி

புத்தகம் வந்து மேசைமேல் இருக்கிறது. அம்மா அதை எடுக்கிறாள், முகர்கிறாள், வைக்கிறாள், மறுபடி எடுக்கிறாள்.

அப்பா குளிக்கப் போயிருந்தார். அவர் போன் அடித்தது. மாமா. பழக்க தோஷம், எடுத்தேன். யார் குரலில் பேசலாம் என்று யோசிப்பதற்குள் தொண்டையிலிருந்து தானாக வந்தது: "ம்."

"அத்தான்! புத்தகம் பாத்தீங்களா?"

"ம்."

"அக்காவுக்குச் சந்தோஷமா?"

"ம்." கொஞ்சம் நீளமாக.

"அத்தான், ஒண்ணு சொல்றேன், உங்களோட இருக்கட்டும். அன்னிக்கு லைப்ரரில பய அந்தக் கத்து கத்தினான் பாருங்க, எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டாங்க. நான் மட்டும் பொத்தல. ரெண்டு கையும் கண்ணுல இருந்துச்சு, கர்ச்சீப்போட. அவன்கிட்ட சொல்லிடாதீங்க. ஓட்டியே என்னை ஒரு வழி பண்ணிடுவான்."

இப்படி ஒரு வாய்ப்புக்காக நான் பிறந்ததிலிருந்து காத்திருக்கிறேன்.

"ம்" என்றேன்.

உடையவில்லை. மாமா போனை வைத்தார். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.